மாஸ்டரின் மூக்கும் ஒரு கிரில் அடுப்பும்

கிரில் அடுப்பை எடுத்துக்கொண்டு போவதா, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதா? இதற்காக ஒரு மனுஷி தூக்கத்தைத் தொலைப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். தொலைத்தாளே! அதுவும் சாதாரண ஆளா அவள்? இருபது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ஒரே சமயத்தில் கத்தினாலும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஆடாமல் வண்டி ஓட்டுகிறவள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுவதால் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வேனம்மா. முதலில் அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாகத்தான் சேர்ந்தாள். ஒருநாள் காலையில் டிரைவருக்கும் வேன் முதலாளிக்கும் வாய்த்தகராறு முற்றி, டிரைவர் சாவியை மேசையில் வீசிவிட்டுப் போய்விட்டான். பிள்ளைகள் எல்லாம் தெருவுக்குத் தெரு பையை மாட்டிக்கொண்டு நிற்கின்றன. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் ஓட்டட்டுமா சார்?" என்றாள் இவள். அவர் சிரித்தார். இவள் பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். எப்போது எடுத்தாள், யாரிடம் வண்டி பழகினாள் என்பதெல்லாம் அவள் புருஷனுக்கே அன்று சாயங்காலம்தான் தெரியும். கமுக்கமான பெண்பிள்ளை. மனதில் இருப்பதை வெளியே விடமாட்டாள். அந்தக் குணம்தான் இந்தக் கதையிலும் அவளைப் படுத்தி எடுத்தது.

புருஷன் ஆஸ்பத்திரி கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அங்கே எல்லோரும் மாஸ்டர், மாஸ்டர் என்று கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் முதல் பால்காரர் வரை அதுவே அவர் பெயராகிவிட்டது. நோயாளிகளுக்குச் சமைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? உப்பு போடக் கூடாது, எண்ணெய் கூடாது, காரம் கிட்டவே வரக் கூடாது. ஆனால் சாப்பிடுகிறவன் தட்டைத் தள்ளிவிடவும் கூடாது. மாஸ்டர் இதை மூக்காலேயே சாதித்தார். குண்டானுக்கு மேலே குனிந்து ஒரு மூச்சு இழுப்பார். இஞ்சி இன்னும் கொஞ்சம் வேண்டுமா, பூண்டு பச்சையாக நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். கரண்டியால் எடுத்து ருசி பார்ப்பதை மட்டமாக நினைக்கிற ஆள். "நாக்கு பொய் சொல்லும். காலையில தின்னது அதுல ஒட்டிட்டு இருக்கும். மூக்குதான் நிஜம்" என்று வாய் ஓயாமல் சொல்லுவார்.

இந்த மூக்குப் பெருமை முழுசாக வெளியே வருவது வருஷத்துக்கு ஒருதரம். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு விட்டதும், வேனம்மாவும் மாஸ்டரும் அவள் தம்பி குடும்பத்தோடு, முதலாளியிடம் கேட்டு வாங்கின அதே வேனில் கிளம்பி, மலைச்சரிவில் இருக்கிற ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அவர்களுடைய ஒரே மகன் வேலைக்காகத் தூரதேசம் போன பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. தரையில் தீ மூட்டக் கூடாது என்பது அந்த ஏரிக்கரையில் சட்டம். அதனால் மாஸ்டர் ஒரு கிரில் அடுப்பு வைத்திருந்தார். மடித்தால் சூட்கேஸ் மாதிரி கையில் தூக்கலாம். விரித்தால் நான்கு கால், கரி போடத் தட்டு, மேலே கம்பி வலை. கறித்துண்டுகளை வலையில் பரப்பிவிட்டு, மாஸ்டர் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேன்டீன் கதைகளை அளப்பார். திரும்பியே பார்க்க மாட்டார். பேச்சின் நடுவில் மூக்கு லேசாகச் சுருங்கும். "ம், வலது ஓரம்" என்பார். தம்பி ஓடிப்போய் வலது ஓரத்துத் துண்டைப் புரட்டுவான். அடிப்பக்கம் சரியாகச் சிவந்திருக்கும். ஒருதரம்கூடப் பிசகினதில்லை.

வேனம்மாவுக்கு மட்டும் அந்த அடுப்பு ஆகாது. அவளைக் கேட்டால் அவள் நியாயத்தைச் சொல்லுவாள். கூடாரம், பாய், போர்வை என்று ஏற்கெனவே வண்டி பிதுங்குகிறது. இதில் இந்த இரும்பு வேறா? வரும்போது கரி உதிர்ந்து சீட்டெல்லாம் மை. லீவு முடிந்து பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு ஏறி, இறங்கும்போது கரிச்சட்டையோடு இறங்கினால், பெற்றவர்கள் யாரைப் பிடிப்பார்கள்? கொழுப்பு உறைந்த கம்பி வலையை வீட்டுக்கு வந்து தேய்க்கிறது யார்? "தின்னுறது நீங்க, தேய்க்கிறது நானா? இந்தச் சனியனை இந்தத் தடவை விட்டுட்டுதான் வரணும், சொல்லிட்டேன்" என்று ஒவ்வொரு வருஷமும் கிளம்புகிறதற்கு முன்னால் ஒரு பாட்டம் கத்துவாள். மாஸ்டர் காதில் வாங்காமல் அடுப்பைத் தூக்கி வண்டியில் வைப்பார். சண்டை அத்தோடு சரி.

போன மழைக்காலத்தில் மாஸ்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுத்தார், தேறினார், எழுந்தார். எழுந்தவருக்கு மூக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை.

சளி இல்லை, அடைப்பு இல்லை, மூச்சு தாராளமாகப் போய்வருகிறது. வாசனைதான் இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்கப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். பொறுத்துப் பாருங்க" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா என்று வேனம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் தெரியக் கூடாது. உன் தம்பிக்கும்தான். மூக்குப் போன சமையல்காரன்னு தெரிஞ்சா, நாளைக்கே என்னைக் காய்கறி நறுக்க உட்கார வச்சிடுவாங்க" என்றார். அவள் சரி என்றாள். கமுக்கத்தில்தான் அவள் கெட்டிக்காரியாயிற்றே.

கேன்டீனில் மாஸ்டர் கடிகாரத்தையும் நிறத்தையும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். பழகின கை என்பதால் பெரும்பாலும் தப்பித்தார். ஒருநாள் கஞ்சி அடிப்பிடித்தது. அவர் பக்கத்திலேயேதான் நின்றார், தெரியவில்லை. ஒரு வார்டு முழுக்கத் தீய்ந்த கஞ்சி போயிற்று. குடித்த நோயாளிகள் சும்மா விடுவார்களா? சூப்பர்வைசர் வந்து, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, மாஸ்டராச்சேன்னு பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாஸ்டர் அடுப்பை விட்டு ஒரு அடி நகர்வதில்லை. பேச்சு குறைந்தது. கதை அளக்கிறது நின்றே போனது.

வேனம்மா விடுவாளா? தினமும் ஒரு பொருளை அவர் மூக்கடியில் நீட்டுவாள். சோப்பு, எலுமிச்சம்பழம், காப்பித்தூள், ஷூ பாலிஷ். "தெரியுதா? கொஞ்சமாவது?" என்பாள். முதலில் உதட்டைப் பிதுக்கினார். பிறகு எரிந்து விழுந்தார். அப்புறம் திடீரென்று ஒருநாள் காப்பித்தூள் டப்பாவை முகர்ந்துவிட்டு, "ஆங், லேசா தெரியுதே" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் மனசு கேட்காமல், கழுவிக் காயவைத்த காலி டப்பாவை மூடியோடு எடுத்துக்கொண்டு போய், அவர் உள்ளே பார்க்காதபடி திறந்து மூக்கில் வைத்தாள். மாஸ்டர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "ஆகா! நேத்தைவிட இன்னைக்கு நல்லாவே தெரியுது" என்றார்.

பாவி மனுஷன், அவளைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்லியிருக்கிறார். அவள் டப்பாவை மூடிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு எதையும் நீட்டுவதில்லை. அவர் தெரிகிறது என்றாலும் நம்ப முடியாது, தெரியவில்லை என்றாலும் தாங்க முடியாது. பின்னே எதற்குக் கேட்பானேன்?

இதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. மாஸ்டருக்கு வேலை இல்லாத ஒருநாள் மதியம், டிரிப்புக்கு நடுவில் அவள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்க கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. கேஸ் திறந்தபடி சீறிக்கொண்டிருக்க, மாஸ்டர் அடுத்த அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! அவள் ஓடிப்போய் கேஸை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றையிலிருந்து அவளுக்குத் தூக்கம் கெட்டது. எந்த நேரமும் எழுந்து போய் அடுப்பை முகர்ந்துவிட்டு வருவாள். பகலில் அவர் வீட்டில் இருந்தால், ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் வேனைச் சுற்றுப்பாதையில் திருப்பி வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே மூக்கு என்றாகிவிட்டது. அந்த ஒரு மூக்கு எத்தனை நாளைக்குத்தான் காவல் காக்கும்?

இந்த நிலையில்தான் லீவு வந்தது. தம்பி போன் போட்டான். "அக்கா, கிளம்பலாமா? கோழியை நாங்க ஊறப்போட்டு எடுத்துட்டு வர்றோம். கரி மூட்டைகூட வாங்கியாச்சு. மாமா கையால கிரில்ல சுட்டுச் சாப்பிடணும்னு இங்க ஒரு வாண்டு இப்பவே துள்ளிட்டு இருக்கு" என்றான். வாண்டு என்றது அவனுடைய சின்னஞ்சிறு மகளை. வேனம்மா "உம்" என்று போனை வைத்தாள்.

இப்போது என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள். அடுப்பைக் கொண்டுபோனால் அவர் அதன் முன்னால் நிற்க வேண்டும். முதுகைக் காட்டி நின்றால் கறி கருகும். திரும்பி உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால், "என்ன மாமா, மூக்கு ரிட்டயர்டு ஆயிடுச்சா?" என்று தம்பி விளையாட்டாகக் கேட்டுவிடுவான். அந்த ஒரு வார்த்தை போதும், மனுஷன் உடைந்துபோவார். சரி, கொண்டுபோகாமல் விட்டாலோ? "இவ என்னை முடிஞ்சு போனவன்னு நினைச்சிட்டா" என்று அவர் மனசுக்குள் எழுதிக்கொள்வார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அடுப்பு வராது என்று தம்பியிடம் முன்கூட்டியே சொல்லவும் வழியில்லை. சிநேகிதன் வீட்டில் ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நிற்பான். அவன் அப்படிப்பட்ட உதவிக்காரன்!

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். கிளம்புகிற அன்று காலையில் மாஸ்டர் குளிக்கப் போன சமயம் பார்த்து, அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, அதன் முன்னால் பழைய பெட்டியை வைத்து மறைத்தாள். ஏரிக்கரைக்குப் போனதும் "ஐயய்யோ, மறந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொள்வது. பழி தன்மேல் விழட்டும். அவர் மானம் தப்பிக்கும். இதுதான் திட்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற திட்டம்தான், ஆனால் அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

தம்பி வீடு மேட்டுத்தெருவில் இருக்கிறது. வேனம்மா சரிவில் வேனை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி கோழி வைத்த பெரிய டப்பாவோடு ஏறினாள். வாண்டு ஏறின கையோடு மாஸ்டரைக் கடைசி சீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற அந்த சீட்டில்தான் தூக்கித் தூக்கிப் போடும். வாண்டுக்கு அதுதான் பிடிக்கும். தம்பி கரி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தான்.

"கிரில்லை எங்கக்கா வச்சிருக்கே? இதை அது பக்கத்துலயே வச்சிடறேன்."

வேனம்மா கண்ணாடியில் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் இருக்கு, எல்லாம் இருக்கு! ஏறுடா முதல்ல. வெயில் ஏறிடுச்சு, நின்னு கதை பேசிட்டு இருக்கே!" என்று அவன்மேல் பாய்ந்தாள். அவன் மூட்டையோடு உள்ளே விழாத குறைதான். அடுத்த கேள்வி வருவதற்குள் கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை ஒரு இறக்கு இறக்கி, வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

ஊரைத் தாண்டியதும் மலைப்பாதை ஏறத் தொடங்கியது. வண்டி கொஞ்சம் கனமாக இழுத்தது. கூடாரம், கரி, கோழி, ஐந்து பேர், ஏற்றம் வேறு; இழுக்காதா பின்னே என்று நினைத்துக்கொண்டாள். அவள் நினைப்பெல்லாம் வண்டியிலா இருந்தது? 'மறந்துட்டேன்' என்பதை எந்த முகத்தோடு சொல்வது, தலையில் எந்தக் கையால் அடித்துக்கொள்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது, நல்ல காற்று. பின்னால் தம்பி ஏதோ பாட்டை இழுத்துக்கொண்டிருந்தான். வாண்டு ஒவ்வொரு குலுக்கலுக்கும் கூவியது.

"ஏய், வண்டியை நிறுத்து."

மாஸ்டரின் குரல். வேனம்மா கண்ணாடியில் பார்த்தாள். அவர் பாதி எழுந்து, முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல! ஏதோ கருகுது!"

"என்ன மாமா, எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான் தம்பி.

"கருகுதுடா. ரப்பரோ என்னமோ. கீழேர்ந்து வருது. நிறுத்து!"

வேனம்மா ஓரம் கட்டினாள். ஹேண்ட்பிரேக்கை இழுப்பதற்காகக் கையை இடப்பக்கம் கொண்டுபோனாள். கை எதிர்பார்த்த இடத்தில் அது இல்லை. கம்பி பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அடிப் பாதகத்தி! பாதிதான் இறக்கியிருக்கிறாள். மேட்டுத்தெருவிலிருந்து இத்தனை தூரம் பிரேக்கோடு வண்டியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பழகத் தொடங்கின முதல் நாளில்கூட இந்தத் தப்பை அவள் செய்ததில்லை. இறங்கிப் பின்னால் ஓடினால், இரண்டு பின்சக்கரங்களின் நடுவிலிருந்தும் மெல்லிசாகப் புகை. தம்பி குடிதண்ணீர் கேனைத் திறந்துகொண்டு ஓடிவந்தான்.

"ஊத்தாதே! பிரேக் ட்ரம்மு கொதிச்சிட்டு இருக்கு, தண்ணி பட்டா விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும். எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று கத்தினாள். கல் தேடி எடுத்து முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தாள். இதையெல்லாம் கை தன்பாட்டில் செய்தது. கடைசிக் கல்லை வைத்து நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

யார் சொன்னது?

மாஸ்டர் சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் யாராவது கருகின பிரேக்கின் நாற்றத்தை இப்படி ஆசை ஆசையாக முகர்வார்களா? அவர் முகர்ந்தார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

வேனம்மா பக்கத்தில் போய்த் தணிந்த குரலில், "என்னங்க, நிஜமா தெரியுதா?" என்றாள்.

"நாறுதுடீ" என்றார் மாஸ்டர். "அப்படி நாறுது!"

யாரும் அவர் மூக்கில் எதையும் நீட்டவில்லை. யாரும் தெரிகிறதா என்று கேட்கவில்லை. அவராகச் சொன்னார், எல்லோருக்கும் முன்னால் சொன்னார், சொன்னது நிஜமாகவும் இருந்தது. இருந்தாலும் வேனம்மா சும்மா இருப்பாளா? வேனுக்குள் ஓடி, சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறிக்கொண்டு வந்து அவர் மூக்கில் வைத்தாள். மாஸ்டர் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார்.

"ம்ஹூம். ஒண்ணுமே தெரியல" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்த 'தெரியல' இருக்கிறதே, அது அவள் வயிற்றில் பால் வார்த்தது. இனிமேல் மனுஷன் பொய் சொல்லத் தேவையில்லை. அப்படியென்றால் கருகுகிறது தெரிகிறது என்று அவர் சொன்னதும் உண்மை.

"எலுமிச்சம்பழம் கிடக்குது விடு" என்றார் மாஸ்டர். "கருகுறது தெரியுது பாரு. ஒரு சமையல்காரனுக்கு முதல்ல அதுதானே வேணும்? மீதியை என் கை பார்த்துக்கும். மெதுவா வரட்டும் ஒவ்வொண்ணா."

தம்பிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "பிரேக்கு எரிஞ்சதுக்கு எதுக்கு மாமா ரெண்டு பேரும் கல்யாண வீடு மாதிரி நிக்கிறீங்க?" என்றான். மாஸ்டர் பாதையோரத்துத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, காய்ச்சலில் தொடங்கித் தீய்ந்த கஞ்சி வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். எத்தனை மாசத்துக்கு அப்புறம் மனுஷன் இவ்வளவு பேசுகிறார்! தம்பி வாயைப் பிளந்து கேட்டான். கேட்டு முடித்ததும் அக்காமேல் கோபம் வந்தது.

"ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா என்னடா பண்ணியிருப்பே?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். என் பங்குக்கு நானும் கொஞ்சம் கவலைப்பட்டிருப்பேன்ல? எல்லாத்தையும் நீயே படணுமா?"

தம்பி பெண்டாட்டி வேனம்மாவின் தோளில் கையை வைத்தாள். கலகலப்பாக்க வேண்டும் என்று தம்பிதான் மறுபடி வாயைத் திறந்தான். "சரி விடு. மாமாவுக்கு மூக்கு வந்தாச்சு. இன்னைக்கு கிரில்ல ஜமாய்ச்சிடலாம்! ஆமா, அதை எந்த மூலையிலக்கா வச்சிருக்கே? கண்ணுலயே படலையே!"

வேனம்மாவுக்கு முகம் செத்தது. ஒத்திகை பார்த்த 'ஐயய்யோ மறந்துட்டேனே' தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்றது. மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். இனிமேலும் பொய்யா என்று தோன்றியது. "இல்லடா, நான் அதை..." என்று இழுத்தாள்.

"கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றார் மாஸ்டர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பார்த்துட்டீங்களா?"

"பார்க்கவே வேணாமே. வருஷா வருஷம் கிளம்புறதுக்கு முன்னாடி அந்த அடுப்பை என்ன பாடு படுத்துவே? சனியன்ம்பே, சீட்டு மையாகுதும்பே, தேய்க்கிறது யாரும்பே. இந்த வருஷம் ஒரு வார்த்தை திட்டல நீ. அப்பவே தெரிஞ்சிடுச்சு எனக்கு, நீ அதை எடுத்து வைக்கப் போறதில்லைன்னு. அப்புறம்தான் குனிஞ்சு பார்த்தேன்."

"அப்போ ஏன் ஒண்ணும் கேட்கல?"

"கேட்டா, சரி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்று சிரித்தார் மாஸ்டர். சிரிப்பு பாதியில் நின்றது. "நிம்மதியாத்தான் இருந்துச்சு. அதே சமயத்துல, நீ திட்டாம இருந்தது ரொம்ப வலிச்சுதுடீ."

வேனம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை நிற்பதற்குள்ளேயே திட்ட ஆரம்பித்துவிட்டாள். தெரிந்தும் தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்களே, நான் இங்கே ஹேண்ட்பிரேக்கைக்கூட மறந்துவிட்டு நெஞ்சு படபடக்க வண்டி ஓட்டுகிறேனே, பிரேக் லைனிங் தேய்ந்து போனால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது, உங்களுக்கு ஈவிரக்கம் உண்டா என்று ஒரு பிடி பிடித்தாள். மாஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கின புருஷனை அந்த மலைப்பாதை பார்த்திருக்காது.

சக்கரம் ஆறினதும் அவள் மெல்ல உருட்டிப் பார்த்து, பிரேக்கை மிதித்துப் பார்த்து, எல்லாம் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகே எல்லோரையும் ஏற்றினாள். ஊர் திரும்பினதும் மெக்கானிக்கிடம் விட வேண்டும். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். கரி மூட்டை இருக்கிறது, கோழி இருக்கிறது, சுடுவதற்கு அடுப்பு இல்லை. தம்பி டீ போடுவதற்காக ஒரு சின்ன கேஸ் அடுப்பும் ஒரு வாணலியும் கொண்டுவந்திருந்தான்.

"வாணலியில கோழியா? சீ, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்!" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது வாண்டு.

"நீ தின்னுட்டுச் சொல்லு" என்று மாஸ்டர் கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக்கினார். அடுப்பைப் பற்றவைத்து, துண்டுகளை வாணலியில் பரப்பினார். பரப்பிவிட்டு, ஏரியைப் பார்க்கத் திரும்பி, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். வேனம்மா 'வேணாங்க, இன்னைக்கே என்ன அவசரம்' என்று சொல்ல வாயெடுத்தாள். மாஸ்டர் கேன்டீன் கதை ஒன்றை ஆரம்பித்துவிட்டார். சர்க்கரை இல்லாத பாயசம் கேட்டு அழிச்சாட்டியம் பண்ணின நோயாளியின் கதை. கதை பாதியில் இருந்தது. புகை எதுவும் கிளம்பவில்லை. தம்பியும் பெண்டாட்டியும் வேனம்மாவும் வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதையை யாரும் கேட்கவில்லை.

மாஸ்டரின் மூக்கு சுருங்கியது. "டேய், அடியில பிடிக்க ஆரம்பிக்குது. புரட்டு."

தம்பி புரட்டினான். அடிப்பக்கம் சிவந்து, ஓரத்தில் ஒரு இம்மி கருப்பு. "முன்னெல்லாம் இந்தக் கருப்பு இருக்காது மாமா" என்றான் திருட்டுமுழி முழித்துக்கொண்டு.

"புது மூக்குடா, பழகட்டும்" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேனம்மா சிரித்துக்கொண்டே போய்க் கூடாரத்து நிழலில் பாயை விரித்து உட்கார்ந்தாள். சும்மா கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம் என்றுதான் சாய்ந்தாள். உடம்பு கேட்கவில்லை. அத்தனை மாசமாகக் கடன் வைத்திருந்த தூக்கமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து அவள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அத்தை, கோழி வெந்துடுச்சு, வா!" என்று வாண்டு வந்து தோளை உலுக்கியதும், "ஷ்ஷ், எழுப்பாதே. அவ தூங்கி ரொம்ப நாளாச்சு. நான் இருக்கேன்ல, பார்த்துக்கறேன். நீ வா" என்று மாஸ்டர் வாண்டைக் கூட்டிக்கொண்டு போனதும் அவளுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. நாலடி தள்ளி கேஸ் அடுப்பு இன்னும் ஓசையிட்டுக்கொண்டிருந்தது. அணைப்பார்களா, சரியாக அணைப்பார்களா என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அவள் புரண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.